ஜன்னல் திறந்திருக்கா, இல்ல யாராவது போய் திறந்தாங்களா?

சாதாரண டேட்டாபேஸ் ஒரு விஷயத்துல ரொம்ப கறார். டேபிள்ல இருந்தா உண்மை, இல்லேன்னா பொய். ஃப்ளைட் லிஸ்ட்ல ஒரு ஃப்ளைட் இல்லையா, அப்போ அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. இதுக்கு 1978ல கணினி விஞ்ஞானி ரேமண்ட் ரைட்டர் 'மூடிய உலக அனுமானம்'னு பேர் வெச்சு லாஜிக்ல எழுதிக் காட்டுனாரு.

ஆனா நமக்கு தெரிஞ்சதே அரைகுறைன்னா என்ன பண்றது? ஒரு ரூம்ல ரெண்டு ஜன்னல், அதுல ஒண்ணு மட்டும் திறந்திருக்கு, எதுன்னு தெரியாது. ரெண்டுக்கும் 'நல்' (null, அதாவது 'தெரியல') வேல்யூ போட்டு வெக்கலாம், ஆனா "ரெண்டுல ஒண்ணு தான்"ங்கிற உருப்படியான தகவல் அதுல காணாம போயிடும். லாஜிக் வாக்கியங்களா தகவலை சேமிக்கிற லாஜிக் டேட்டாபேஸ் அந்த வாக்கியத்தை அப்படியே வெச்சுக்கும், அதுக்குப் பொருந்துற 'உலகம்', அதாவது நிஜமா இருக்கக்கூடிய நிலைமை, இங்க ரெண்டு: இடது மட்டும் திறந்தது, வலது மட்டும் திறந்தது.

இப்போ "இடது ஜன்னல் திறந்திருக்கு"ன்னு புதுசா ஒரு தகவல் வருது. இங்கதான் வில்லங்கமே. யாரோ எட்டிப் பாத்துட்டு வந்து சொன்னாங்கன்னா ரெண்டாவது உலகத்தை தூக்கிப் போட்டுடலாம், வலது மூடியிருக்குன்னு உறுதி. ஆனா ஒரு ரோபோவை அனுப்பி இடது ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அது முடிச்சுட்டு வந்து அதே வாக்கியத்தை சொல்லுச்சுன்னா கதை வேற, ஏன்னா முன்னாடி வலதுதான் திறந்திருந்துச்சுன்னா இப்போ ரெண்டுமே திறந்திருக்கும், அதனால வலது பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது. வாக்கியம் ஒண்ணு, விடை ரெண்டு! முதல்ல மாறுனது நம்ம அறிவு, ரெண்டாவதுல மாறுனது உலகமே. முதலாவது ரிவிஷன், ரெண்டாவது அப்டேட், ரெண்டுக்கும் தனித்தனி விதி வேணும்னு 1991ல கட்சுனோ, மெண்டெல்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சு காட்டுனாங்க.

அப்டேட் பண்ற வழிய ஆராய்ச்சியாளர் மரியான் வின்ஸ்லெட் 1988லயே சொல்லியிருந்தாங்க: ஒவ்வொரு உலகத்தையும் தனியா எடுத்து, புது தகவல் உண்மையாகுற அளவுக்கு மட்டும் கம்மியா மாத்து. கேக்க சுலபம், ஆனா தெரியாத ஆமா-இல்ல கேள்வி 20 இருந்தாலே உலகங்க 10,48,576 வரைக்கும் போகலாம்.

அந்த 'கம்மியா மாத்து'லயும் ஒரு ஓட்டை இருக்கு. தலைப் பக்கம் மேல தெரியுற மாதிரி கிடக்குற காசை சுண்டுறோம், அப்டேட் "தலை அல்லது பூ". அதுதான் ஏற்கனவே உண்மையாச்சே, அதனால எதையும் மாத்தாம காசு இன்னும் தலைதான்னு அடிச்சு சொல்லும் இந்த முறை.