எத்தனை நொடி ஓடியது?

"அண்ணே, மெஷின் ஸ்டார்ட் ஆவுது. ஆனா ஓட மாட்டேங்குது, உடனே செத்துப் போவுது."

மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்தில் சின்ன இஞ்சின்களுக்கென்று பட்டறை வைத்திருக்கும் எனக்கு, மழை பிடித்துவிட்டால் இந்த அழைப்புதான் அதிகம். புல் விறுவிறுவென்று ஏறும். பள்ளித் திடல், கோயில் நிலம், தொழிற்சாலை முகப்பு என்று கொட்டகைகளில் தூங்கிக் கிடந்த புல்வெட்டி டிராக்டர்களை எல்லாரும் ஒரே வாரத்தில் எழுப்புவார்கள். சீனர்கள் மூதாதையர் கல்லறைக்குப் போகும் செங் பெங் நெருங்கும்போதும் இதே கதைதான். கல்லறை மேடுகளில் புல் வெட்டும் குத்தகைக்காரர்கள் மார்ச்சிலேயே வரிசை கட்டிவிடுவார்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை நொடி ஓடுச்சு?" அதற்குப் பதில் வராது. "கார்புரேட்டர்தான் அண்ணே, புதுசு ஆர்டர் பண்ணிட்டேன்" என்பார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டும் இந்தக் கார்புரேட்டர் இணையத்தில் புதிதாகவே மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதிலிருந்து, எல்லா நோய்க்கும் அதுவே மருந்தாகிவிட்டது.

ஸ்டார்ட் ஆவதே பாதி நல்ல செய்தி. பேட்டரி இருக்கிறது, சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் (அழுத்தம்) இருக்கிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. பிறகு நின்றுபோவது பெட்ரோலா, காற்றா, கரண்டா என்பதை அது சாகும் நேரமே காட்டிக் கொடுத்துவிடும். கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். அல்லது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் மூன்று நான்கு நொடியில் சாகிறது என்றால் இஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். சோக் காற்றின் வழியை அடைப்பதால் பெட்ரோலின் பங்கு கூடுகிறது, குறை மறைந்துவிடுகிறது. சோக்கை எடுத்தால் அந்தக் குறை வெளியே வந்துவிடும். காரணம் பெரும்பாலும், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் அடைப்பு. மெதுவோட்டத்துக்கான ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போனதும் மிஞ்சுகிற பிசின் அதில் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் 30 நாளிலேயே கெடத் தொடங்கும் என்று இஞ்சின் தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நீண்ட விடுமுறை முடிந்து பள்ளித் தோட்டக்காரர் எழுப்பும் மெஷினில் இருப்பது எத்தனை மாதத்துப் பெட்ரோலோ!

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். அது பித்தளை, துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் பிறகு இஞ்சின் கரும்புகை கக்கும். நான் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு. பினாங்கில் அதற்கா பஞ்சம்? அதோடு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண்ணுக்குக் கண்ணாடி.

கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, வடிவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் தங்கும். நம் ஈரக் காற்றில் பாதி காலியான தொட்டியும், மூடி சரியாக இறுகாத பெட்ரோல் தோம்பும் தண்ணீர் சேர்க்கும். புதுக் கார்புரேட்டர் மாட்டி மூன்றாம் நாளே திரும்பி வரும் மெஷின்களில் பழைய தண்ணீர் அப்படியே தொட்டியில் இருக்கும்.

இந்த வேலையைச் சூடு ஆறிய இஞ்சினில், திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். கொட்டகை மூலையில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு அதன் கீழேயே கார்புரேட்டர் கழற்றியவரை நான் பார்த்திருக்கிறேன். சிகரெட்டை மட்டும் ஞாபகமாக அணைத்திருந்தார்.

சில மாடல்களில் கிண்ணத்தின் அடியில் வயர் மாட்டிய சின்ன உருளை ஒன்று இருக்கும். அது சோலினாய்டு, கரண்ட் வந்தால் பெட்ரோலின் வழியைத் திறந்துவிடும். சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பெட்ரோலின் வழி மூடியே கிடக்கிறது. உள்ளே மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டு இஞ்சின் செத்துவிடும். சோலினாய்டு வாங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். முக்கால்வாசி எலியின் வேலைதான். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இஞ்சின் மூச்சுத் திணறும். அதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுச் சாகிற ஜாதி. பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோயில் நிலத்து டிராக்டரை இரண்டு பட்டறைகள் பார்த்துவிட்டன. புது ஃபில்டர், புது பம்ப், புதுக் கார்புரேட்டர். நான் போய்ப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று பெட்ரோல் தொட்டியின் மூடியைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். கட்டியவர் நல்ல மனதோடுதான் கட்டினார். ஆனால் மூடியில் காற்று இறங்க ஒரு நுண்ணிய வழி உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். பெட்ரோலைத் தொட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும். பையை அவிழ்த்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அதோடு நோய் தீர்ந்தது. மாற்றிய பாகங்கள் எல்லாம் நல்ல பாகங்களே.

ஆகவே மெஷின் செத்த உடனே மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றவோ சூட்டோடு பெட்ரோல் ஊற்றவோ வேண்டாம். உடனே ஸ்டார்ட் ஆகி ஓடினால் மூடிதான். அரைமணி நேரம் ஆறினால்தான் எடுக்கிறது என்றால் பிளக்கின் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். சூட்டில் பொறி கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும்.

மழை பெய்கிறதென்று கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு இஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி வந்தபின் கதவைத் திறக்க எழுந்தால், கால் ஒத்துழைக்கும் என்ற உறுதி இல்லை.

கடைசியாக எனக்குப் பிடித்த வழக்கு. ஒரு குத்தகைக்காரரின் டிராக்டர். பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பண்ணினால் அருமையாக ஓடும். காலை எடுத்ததும் பொட்டென்று சாகும். அதிலும் ஒரு வேடிக்கை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உட்கார்ந்தால் ஓடியது, தினமும் ஓட்டுகிற பெரியவர் உட்கார்ந்தால் செத்தது. மண்டோர் நல்ல ஆகிருதி. பெரியவர் ஒடிசலான உடம்பு. சீட்டின் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் இல்லாமல் பிரேக் விட்டாலோ பிளேடு சுற்றினாலோ அது இஞ்சினை அணைத்துவிடும். பெரியவரின் எடை அதை அமுக்கப் போதவில்லை.

"ரெண்டு வயரையும் முறுக்கி விட்ருங்க தம்பி, வேலை முடிஞ்சிரும்" என்றார் குத்தகைக்காரர். முடியாது என்றேன். முகம் சுளித்தார். சரிவில் வண்டி குலுங்கி ஆள் விழுந்தால், அந்தச் சுவிட்ச்தான் பிளேடை நிறுத்தும். அமெரிக்காவில் தள்ளிக்கொண்டு போகும் சின்ன மெஷினுக்கே, கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று 1982லிருந்து விதி இருக்கிறது. வயரை முறுக்குவது அரை நிமிட வேலை. நான் அதைச் செய்வதில்லை.

சீட்டின் ஸ்பிரிங்கை லேசான ஆளுக்கு ஏற்ற நிலைக்கு மாற்றினேன். துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருந்த சுவிட்சையும் மாற்றினேன். பெரியவர் ஏறி உட்கார்ந்தார், பிரேக்கை விட்டார், திடலை இரண்டு சுற்று வந்தார்.

"இப்பதான் தம்பி, நானும் ஒரு ஆளுன்னு வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.