மூன்று முறை கழுவிய கார்பரேட்டர்

போன ஆடியில் கேரளத்துக் கழுதுருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கோட்டையில் இருக்கும் என் மெக்கானிக் பட்டறைக்கு வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். வண்டியை இறக்கிய கையோடு சொன்னார்: "அண்ணாச்சி, ஒரு மாசத்துல மூணு தடவ கார்பரேட்டர் கழுவியாச்சு. நாலு நாள் நல்லா ஓடுது, அப்புறம் பழைய கதைதான். ரிசர்வ் போட்டா சுத்தமா நின்னுருது."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும். பெட்ரோல் டேப்புக்குள் இரண்டு வழி உண்டு. ஒன்று டேங்குக்குள் கொஞ்சம் உயரமாக நிற்கும் குழாய். சாதாரணமாக ஓடும்போது அதன் வழியாக இறங்கும். ரிசர்வ் என்பது டேங்கின் அடியிலேயே இருக்கும் துளை. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், துரு அதைவிடக் கனம். இரண்டும் அடியில்தான் கிடக்கும். ரிசர்வ் போட்டதும் முதலில் இறங்குவது அவைதான்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்பரேட்டரைத் தொடவே இல்லை. டேப்பிலிருந்து டியூபைக் கழற்றி, ரிசர்வில் வைத்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்தேன். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தால் மேலே இளம் பொன் நிறத்தில் பெட்ரோல், அதற்குக் கீழே தெளிவாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கலங்கலாக இரண்டு விரல் உயரத்துக்கு வேறொன்று, அடியில் புளிக்கரைசல் மாதிரி துரு. அவர் வாயைத் திறக்கவில்லை. டேங்க் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள் ரப்பர் வெடித்து ஒரு பக்கம் காணாமலே போயிருந்தது. எடவப்பாதி, அதாவது கேரளத்துத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதிலிருந்து தோட்டத்து ஓரத்தில் மழையில் நின்ற வண்டி. டேங்கைக் கழுவி, மூடிக்கு ரப்பர் மாற்றி, டேப்பின் வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகு நான்காவது முறையாகக் கார்பரேட்டரைக் கழுவினேன். அதற்குப் பிறகு அந்த வேலைக்காக அந்த வண்டி வரவில்லை.

பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகளில் பாதிக்கு இதுதான் கதை. அழுக்கு வேறெங்கிருந்தோ வருகிறது, கார்பரேட்டரில் வந்து மாட்டிக்கொள்கிறது. வந்த வழியை அடைக்காமல் எத்தனை முறை கழுவினாலும் கூலிதான் நஷ்டம்.

இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்துக்கொண்டு எஞ்சினில் எரிந்துபோகும், தெரியவே தெரியாது. அளவு மீறினால், அதுவும் ஆரியங்காவுப் பக்கம் இரவில் குளிர்கிற நாளில், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றுசேர்ந்து, பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அதனால்தான் பாட்டிலில் கோட்டுக்குக் கீழே தெரிந்தது, மழையில் இறங்கிய தண்ணீரைவிட அதிகமாக இருந்தது. அப்படித் தங்கும் நீர், கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கப்பின் அலுமினியத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடியை உண்டாக்கும். பழைய ரப்பர் டியூபும், கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் ஊதிப்போகும். எத்தனாலைத் திட்டிப் பயனில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் ரப்பர் சாமான்களைக் காலம் பார்த்து மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு வழக்கமும் எங்கள் எல்லையில் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கே.எல். 25 என்ற புனலூர்ப் பதிவு எண் கொண்ட கேரள வண்டிகள் செங்கோட்டை பங்க்கில் வரிசையில் நிற்பது தினசரிக் காட்சி. டேங்கை நிரப்பினால் சரி. தண்ணீர் கேனிலும் குளிர்பான பாட்டிலிலும் வாங்கிப்போய் வீட்டு மூலையில் ஒரு மாதம் வைத்திருந்து ஊற்றுகிறார்களே, அதுதான் வம்பு. கேனில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தவிர, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் அடுப்பைத் தொடும். சமையல்கட்டுக்கு அடுத்த அறையில் அதை வைக்கவே கூடாது.

கோளாறு கார்பரேட்டரில்தான் என்று உறுதியானால், எந்தப் பாகம் என்பதை வண்டி ரோட்டிலேயே சொல்லிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். புளியரை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துபோனால் ஸ்லோ ஜெட்டை, அதாவது ஆக்ஸிலேட்டர் தராதபோது பெட்ரோல் வருகிற பொடித் துளையுள்ள பித்தளைத் துண்டைப் பாருங்கள். சம ரோட்டில் பாதி ஆக்ஸிலேட்டரில் திக்கித் திணறினால், ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்குகிற நீடில் என்ற ஊசியையும் அது இறங்கும் குழலையும் பாருங்கள். எஸ் வளைவு ஏற்றத்தில் முழுசாகத் திருகியும் இழுக்காமல் மூச்சு வாங்கினால் முழு வேகத்துக்குப் பெட்ரோல் தருகிற மெயின் ஜெட், அல்லது கப்புக்கு வந்துசேருகிற பெட்ரோலே போதவில்லை. இதைச் சொல்லாமல் "மிஸ்ஸிங் ஆகுது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றுவான். கழற்றியதில் ஒன்று உடையும்.

கழற்றுவதிலேயே பாதி சேதம் நடக்கிறது. ஜப்பான் வடிவமைப்பில் வந்த கார்பரேட்டர்களின் ஸ்க்ரூ தலை, பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். சாதாரண ஸ்டார் டிரைவர் முனை அதற்குள் அடிவரை இறங்காது. திருகியதும் வழுக்கி, தலை வட்டமாகிவிடும். பொருத்தமான முனையை வைத்து, டிரைவர் பின்புறத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்தது கம்பி. இதில் நானே குற்றவாளி. தொழில் பழகிய காலத்தில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் ஸ்லோ ஜெட் அடைத்திருந்தது. கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து உள்ளே விட்டு நன்றாகக் குடைந்தேன். அடைப்புப் போனது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டி ஐடிலிங்கில் ஒழுங்காக நிற்கவே இல்லை. பிளக் கரியாகிக்கொண்டே வந்தது. ஜெட் பித்தளை, கேபிள் இழை எஃகு. எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.40 மில்லிமீட்டர் துளை 0.44 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடிவிட்டது. என் ஆசான் வேறு ஜெட் வாங்கிவந்து மாட்டிவிட்டு, பழையதை என் சட்டைப் பையில் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது நான் வைத்திருப்பது தூண்டில் நரம்பு. ஜெட்டைக் கார்ப் க்ளீனரில் ஒரு இரவு ஊறவைத்து, நரம்பை விட்டு இழுத்து, கம்ப்ரசர் காற்று அடித்து, வெயிலை நோக்கிப் பிடித்துப் பார்ப்பேன். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பிசிறு தெரிந்தால் மறுபடி ஊறல். ரப்பர் சாமான்களை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், அந்த மருந்தில் அவை உப்பிவிடும். ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாத் துளைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளை வழியாக நேராகக் கண்ணுக்கு வரும். எனக்கு வந்திருக்கிறது.

ரிப்பேர் கிட் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. மலிவான கிட்டில் கேஸ்கெட், ஓ-ரிங், கப் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஊசியான ஃப்ளோட் நீடில், ஜெட் எல்லாம் வரும். கேஸ்கெட்டையும் ஓ-ரிங்கையும் போடுங்கள். ஃப்ளோட் நீடிலைப் பழையதோடு ஒப்பிட்டு, நீளம் சரியாக இருந்தால் போடுங்கள். ஜெட் மட்டும், கம்பி படாத பழைய ஒரிஜினல் இருந்தால் அதையே கழுவி மாட்டுங்கள். கிட் ஜெட்டில் எண் சரியாகப் பொறித்திருக்கும், துளை வேறாக இருக்கும். பல முறை பார்த்துவிட்டேன். அதிலும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சிறிய துளை போய்விட்டால் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் காய்ந்து, ஏற்றத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஃப்ளோட் நீடிலின் நுனியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அது மூடாது. மூடாவிட்டால் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகத் தரையில் சொட்டும். சொட்டுவது தெரிந்தால் அதிர்ஷ்டம். அந்த டியூபும் அடைத்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலோடு கலந்துவிடும். காலையில் டிப் ஸ்டிக்கில் அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை வந்தால் கிக்கரை மிதிக்காதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவில் டேப்பை மூடும் பழக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் அப்பா காலத்து ஆட்கள் வீட்டைப் பூட்டுவது போல அதையும் மூடுவார்கள். மாட்டி முடித்த கார்பரேட்டரை நான் உடனே வண்டியில் ஏற்றுவதில்லை. பட்டறைக்கு வெளியே, நிழலில், பெட்ரோல் டியூப் கொடுத்து, ஒரு தினசரித்தாள் மேல் நேராக நிற்க வைத்துப் பத்து நிமிஷம் காத்திருப்பேன். தாள் நனையாமல் இருந்தால்தான் அடுத்த வேலை.

காற்று ஸ்க்ரூவுக்கு ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிற ஸ்க்ரூவைத் திறந்தால் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருக்கிறதைத் திறந்தால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் நண்பன் சொன்னான் என்று திருகக் கூடாது. லேசாக முட்டும் வரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, எஞ்சின் சூடான பிறகு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேட வேண்டும்.

வாயால் பெட்ரோலை உறிஞ்சி டியூபில் இழுக்கிற வேலையை இன்றும் பார்க்கிறேன். ஒரு மடக்கு வயிற்றுக்குப் போவதைவிட, இருமும்போது ஒரு துளி நுரையீரலுக்குப் போவது ஆபத்து. அப்படி ஆகிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நான் இருபது வருஷம் வெறுங்கையால் பெட்ரோலில் ஜெட் கழுவினேன். இப்போது கையுறை போடுகிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது பைக்குகளில் பெரும்பாலானவை கார்பரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு கார்பரேட்டர் கையில் கிடைப்பதே அபூர்வம். அதனால் மழைக்காலத்துக்கு முன் சொந்தக்காரரே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் டேங்கை நிரப்பி, மூடியின் ரப்பரைப் பார்த்து, டேப்பை மூடி, ஃப்ளோட் கப்பின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திக் கப்பைக் காலி செய்துவிடுங்கள். கப்பில் தேங்குகிற அந்தச் சொற்ப பெட்ரோல்தான் காய்ந்து பிசினாகி ஸ்லோ ஜெட்டை அடைக்கிறது.

கழுதுருட்டிக்காரர் இந்த வைகாசியில் மறுபடி வந்தார். அவர் வண்டிக்கு ஒன்றுமில்லை. மச்சானின் ஆர்எக்ஸ் 100 கார்பரேட்டரைக் கழற்றி ஒரு பாலித்தீன் பையில் கொண்டுவந்திருந்தார். "அவனே சுத்தம் பண்ணிட்டான் அண்ணாச்சி, நீங்க மாட்டி மட்டும் குடுங்க" என்றார். பையை மேஜையில் கவிழ்த்தேன். ஜெட்டுகளோடு சேர்ந்து கிளட்ச் கேபிள் இழை ஒன்றும் விழுந்தது.