பிரசவப் பையில் முதலில் காகிதம், அப்புறம் துணி

பிரசவத் தேதி நெருங்கினால் வீட்டில் எல்லோரும் துணிப் பையைத்தான் நினைக்கிறார்கள். குழந்தைக்குத் தொப்பி, வசம்பு வளையல், மை டப்பி எல்லாம் தயாராக இருக்கும். ஆதார் நகல் மட்டும் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு அரசு மருத்துவமனைக்கு வந்து நிற்கிற பெண்ணிடம் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "பிக்மி நம்பர் என்ன?" கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தருகிற எண் அது. அதற்குப் பதில் தெரியாமல் விழிக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி இரண்டு வரிதான். 2011 ஜூன் முதல் 'ஜனனி சிசு சுரக்ஷா' என்ற மத்திய அரசுத் திட்டம் நாடு முழுக்க நடப்பில் இருக்கிறது. அதன்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சுகப்பிரசவமோ சிசேரியனோ, முழுக்க இலவசம். மருந்து, ஊசி, கையுறை, தையல் நூல், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் ரத்தம் எல்லாம் அதில் வரும். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை தாய்க்குச் சாப்பாடும் உண்டு. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு, திரும்ப வீட்டுக்கு வண்டியும் இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வயது வரை இதே சலுகைதான்.

இதில் வருமானச் சான்று கிடையாது. ரேஷன் அட்டை என்ன வகை என்ற கேள்வி கிடையாது. எத்தனையாவது குழந்தை என்ற கணக்கும் கிடையாது. "மூணாவது பிரசவமா? அப்போ உங்களுக்கு ஃப்ரீ இல்லையே" என்று யாராவது சொன்னால், அவர் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகையின் விதியை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார் என்று அர்த்தம். இரண்டு பிரசவம் என்ற வரம்பு அந்தப் பணத்துக்கு மட்டும்தான்.

இனி பை. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அதில் தாய் சேய் நல அட்டை, இதுவரை எடுத்த எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கணவன் மனைவி இருவரின் ஆதார், தாய் பெயரிலான வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். மருத்துவமனை வாசல் ஜெராக்ஸ் கடை ராத்திரியில் திறந்திருக்காது. தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்தை இரண்டு பேர் போனிலாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிக்மி எண் என்பது 12 இலக்கம். இங்கேதான் முதல் பொறி. இணையத்தில் நீங்களே பதிவு செய்தால் முதலில் ஒரு முன்பதிவு எண் வரும். அதையே பிக்மி எண் என்று நினைத்து, சிலர் ஒன்பது மாதமும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரோ நகரத்துச் செவிலியரோ சரிபார்த்து உறுதி செய்த பிறகுதான் உண்மையான எண் கிடைக்கும். அட்டையில் 12 இலக்கம் எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது பொறி வளைகாப்புக்குப் பிறகு வருகிறது. பெண் தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். இங்கே உள்ள செவிலியர், "உங்க பதிவு அந்த ஊர்ல இருக்கு, அங்கே போய்க் கேளுங்க" என்பார். அந்த ஊர்ச் செவிலியர், "ஆள் இங்கே இல்லையே, நான் எப்படிப் பதியறது?" என்பார். நடுவில் நிறைமாதப் பெண் பஸ் ஏறி இறங்க வேண்டுமாம். முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது தமிழ்நாடு முழுக்க நடக்கிற வழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் இதை ஏதோ புதுச் சிக்கல் போலத்தான் அலுவலகம் பார்க்கிறது. புகுந்த ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தச் செவிலியரிடம் சொல்லி, அதுவரை போட்ட ஊசி, பார்த்த எடை, ரத்த அளவு எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர் போன் எண்ணையும் வாங்குங்கள். புது ஊரில், "பரவாயில்லை, புதுசா ஒரு பதிவு போட்டுடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு பதிவு விழுந்தால் அதைச் சரிசெய்யும் வரை உதவித் தொகை தொங்கும்.

மூன்றாவது, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முன்னால், தாய் சேய் அட்டையில் இனிஷியலே இல்லை. ஒன்றில் அப்பா பெயரின் முதல் எழுத்து, இன்னொன்றில் கணவர் பெயரின் முதல் எழுத்து. மனிதக் கண்ணுக்கு ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். ஏழாவது மாதத்துக்குள் இதைச் சரிசெய்யுங்கள். கைக்குழந்தையோடு இ-சேவை மையத்து வரிசையில் நிற்பது கொடுமை.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு. ரொக்கம் 14,000, தவணையாக வரும். பெண்ணுக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். கணக்கு தாய் பெயரில் இருக்க வேண்டும், கணவர் கணக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன் கல்லூரியில் தொடங்கி, பிறகு தொடாமல் விட்ட கணக்கு செயலிழந்து கிடக்கும். ஆதாரோடு இணைந்திருப்பது அந்தப் பழைய கணக்காக இருந்தால் பணம் அங்கே போகும், இல்லை திரும்பிப் போகும். எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள். "லிங்க் ஆகியிருக்கும்மா" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

துணி விஷயம் சுலபம். துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகள், முன்பக்கம் திறக்கிற நைட்டி, நாப்கின், குழந்தைக்குத் தொப்பி, காலுறை, விரிப்பு, பிளாஸ்க், டம்ளர், மக்கு, சார்ஜர். குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் ஆஸ்பத்திரியிலேயே தருவார்கள் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள், வரும்போது வரட்டும். பால் புட்டி, பால் பவுடர், சேனை வைக்கத் தேன், சீனி எதுவும் பையில் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நகையும் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வளையல், மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஒரு கையில் கர்ச்சீப்பில் முடிந்த நகை, இன்னொரு கையில் மருந்துச் சீட்டு என்று பெண்ணின் அம்மா வராந்தாவில் ஓடுவதைப் பார்த்தவர்கள் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவார்கள்.

துணைக்கு ஒரு பெண்ணை பிரசவ அறைக்குள் அனுமதிப்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள ஏற்பாடு. "இடமில்லை" என்றால் மரியாதையாகவே மறுபடி கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, பேசத் தயங்காத ஆளைத் துணைக்கு அனுப்புங்கள். அம்மா தயங்குவார் என்றால் அத்தையோ அண்ணியோ போகட்டும்.

உள்ளே போன பிறகு துண்டுச் சீட்டு வரும். பெயர், தேதி, முத்திரை எதுவும் இல்லாத தாளில், "இதை வெளியே வாங்கிட்டு வாங்க" என்பார்கள். "சிஸ்டர், ஸ்டாக் இல்லைன்னு இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். பாதி நேரம் அந்த மருந்து உள்ளேயே கிடைத்துவிடும். அவசரம் என்றால் வாதாட வேண்டாம், ஓடிப்போய் வாங்குங்கள், பில்லை மட்டும் விடாதீர்கள். ரத்தத்துக்குக் கொடையாளி கேட்பது உண்டு, அதற்கு இரண்டு பேரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரத்தத்துக்குப் பணம் கேட்டால் அது தவறு.

அப்புறம் குழந்தையைக் காட்டுவதற்குக் காசு. ஆண் என்றால் ஒரு விலை, பெண் என்றால் ஒரு விலை. கொடுக்காதீர்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம், மகளை உள்ளே விட்டுவிட்டு நிற்கிறவருக்கு அவ்வளவு சுலபமில்லை. வார்டில் இருக்கும் துணை கையில் பெரிய தொகை வைக்காதீர்கள். கேட்டவர் முகமும் நேரமும் நினைவிருக்கட்டும். நிலைய மருத்துவ அலுவலரிடமோ 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணிலோ புகார் சொல்லலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு சொன்னாலும் புகார் புகார்தான்.

கையெழுத்துக்கு நீட்டுகிற தாளைப் படிக்காமல் போடாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதலோடு காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்துக்கான தாளும், குடும்பக் கட்டுப்பாட்டுத் தாளும் சேர்ந்து வரலாம். வேண்டும் என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு அந்தப் பெண்ணுடையது. "போடாட்டி டிஸ்சார்ஜ் இல்லை" என்று எந்த விதியும் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையிலேயே தாய் சேய் ஊர்தி, அதாவது 102 வண்டி வேண்டும் என்று வார்டில் சொல்லிவிடுங்கள். மதியம் கேட்டால் வாசலில் ஆட்டோதான் நிற்கும். ஓட்டுநருக்கு டீசல் காசு தர வேண்டியதில்லை. பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை ஊசி மூன்றும் போட்டது அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த நேரம், எடை, பெற்றோர் பெயர் சரியா என்றும் பாருங்கள்.

பிறப்புப் பதிவுக்கு 21 நாள்தான் கெடு. மருத்துவமனையே பதிவு செய்துவிடும், ஆனால் நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதியது எப்படி என்பதுதான் கேள்வி. எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரில், நீங்கள் குடியிருக்கிற ஊரில் இல்லை. ஒரு எழுத்துப் பிழை என்றாலும் அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். குழந்தைக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.