பயாப்சி அறிக்கையில் ‘பி53’ என்று இருந்தால்

திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘பி53 பிறழ்வு’ (பி53 மரபணுவில் நேர்ந்த மாற்றம்) என்ற வரியைக் கண்டதும், பி53 என்பதே புற்றுநோயை உண்டாக்கும் ஏதோ ஒரு நச்சுப்பொருள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 1979இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் நம் எல்லோருடைய செல்களிலும் இருப்பது. டிஎன்ஏ சேதமடையும்போது, செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களையும், தேவைப்பட்டால் அந்தச் செல்லையே மடியச் செய்யும் மரபணுக்களையும் முடுக்கிவிடுவது அதன் வேலை.

393 அமினோ அமிலங்களாலான பி53இன் முன்முனைக்கு, தனித்திருக்கும்போது நிலையான வடிவம் கிடையாது. துணைப் புரதம் ஒன்று வந்து பற்றும்போதுதான் அதன் ஒரு பகுதி சுருளாக மடிகிறது. பற்றுவது எம்டிஎம்2 என்றால் பி53 அழிவுக்கு அனுப்பப்படும். பி300 என்றால் மரபணு இயங்கத் தொடங்கும். இத்தனை பேருடன் இணங்கிப் போக வைப்பது இந்தத் தளர்ச்சியே.

டிஎன்ஏவைப் பற்றும் நடுப்பகுதிக்கோ திட்டமான வடிவம் உண்டு. ஆனால் அதைத் தனியே பிரித்துச் சூடாக்கினால் ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸிலேயே குலைந்துவிடும். நம் உடல் வெப்பமே 37 டிகிரி என்பதால், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் அது தாங்காமல் போகலாம். 175ஆம் இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறினால், வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் துத்தநாக அணு நழுவி, அந்தப் பகுதியே உருக்குலைகிறது. 273ஆம் இடத்தில் அதே மாற்றம் நேர்ந்தால் வடிவம் பெரும்பாலும் நிலைக்கிறது, டிஎன்ஏவின் மீதான பிடிதான் போய்விடுகிறது. 220ஆம் இடத்து டைரோசின் சிஸ்டீனாக மாறும்போது புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழி விழுகிறது. அந்தக் குழியில் பொருந்தி வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன.

பி53 உள்ள இடம் பழுப்பாகத் தெரியும்படி திசுவுக்குச் சாயமேற்றி, நோயியல் மருத்துவர்களான நாங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பது இதன் விளைவைத்தான். இயல்பான பி53ஐ எம்டிஎம்2 விரைவில் அழித்துவிடுவதால், சில உட்கருக்கள் வெளிறியும் சில அடர்ந்தும் ஆங்காங்கே பழுப்பேறியிருக்கும். பிறழ்ந்த புரதம் அழியாமல் குவிவதால், புற்றுநோய்ச் செல்களின் உட்கருக்கள் ஏறக்குறைய எல்லாமே கரும்பழுப்பாகத் தெரியும். புரதமே உருவாகாத பிறழ்வுகளில், அருகிலுள்ள நல்ல செல்கள் லேசாக நிறமேற்க, புற்றுநோய்ச் செல்கள் மட்டும் முற்றிலும் நிறமின்றி நிற்கும்; இதுவும் பிறழ்வின் அடையாளமே. நிறமேறாததைக் குறிக்கும் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைபவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அறிக்கை எழுதுபவர்கள்தான் அதை விளக்கி எழுத வேண்டும்.

இத்தகைய பிறழ்வுகளில் பெரும்பாலானவை கட்டியில் மட்டுமே தோன்றியவை, பிள்ளைகளுக்குச் செல்லாதவை. எனினும் 31 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், அட்ரினல் சுரப்பியின் புறணியில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும், பிறவியிலேயே இப்பிறழ்வு உள்ளதா என்று மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். லி-ஃப்ராமெனி எனப்படும் இந்நிலை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையே பின்னாளில் வேறு புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்பதால், சிகிச்சையைத் திட்டமிடுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறழ்வு உறுதியானால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் மரபணு ஆலோசனை தேவை; அதைச் சுமப்பவர்கள் ஆண்டுதோறும் முழு உடல் எம்ஆர்ஐ உள்ளிட்ட கண்காணிப்பில் இருக்க வேண்டும்.