லெவல் என்றால் படி, ரேங்க் என்றால் பதவி

“உங்கள் வீரன் தரவரிசை 1இல் தொடங்குகிறான். தரவரிசை 5 படைத்தலைவனுக்கு நிகர்.”

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் ஆட்டம் ஒன்றுக்கான தமிழ் விதிக்குறிப்பில் இந்த வரிகளைப் படித்தேன். முதல் தடவை என்றால் கடந்து போயிருப்பேன். பாத்திரத்தின் வலிமை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டும் லெவலுக்கும் தரவரிசை, படையில் வகிக்கும் பதவியான ரேங்குக்கும் தரவரிசை என்று எழுதுவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காட்சி. சில வாரங்களுக்கு முன் நான் நடத்திய ஆட்டத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தார். தன் பாத்திரத்தின் குறிப்புத் தாளில் “தரவரிசை 1” என்று பார்த்ததும், “அப்படியானால் எனக்கு மேலே யாரும் இல்லைதானே?” என்று கேட்டார். சரியான கேள்வி. தமிழில் தரவரிசையில் ஒன்று என்றால் உச்சம். ஆட்டத்திலோ ஒன்று என்பது அடித்தளம். அதை விளக்கி முடித்தேன். பிறகு அவர் ஐந்தை எட்டியதும் கோட்டைக் காவலர்களிடம் போய், “நான் படைத்தலைவன், கதவைத் திறங்கள்” என்று ஆணையிட்டார். காவலர்கள் அசையவில்லை. அவர் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. குறிப்பை எழுதியவர் மேல்தான்.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லெவல், இலத்தீனில் சிறு தராசைக் குறித்த ‘லிபெல்லா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டம் போல மட்டம் பார்க்கும் கருவிதான் அதன் பழைய பொருள். பிறகு மட்டம், உயரம், உயரத்தின் படி என்று விரிந்தது. ரேங்க், வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசை. அந்த வரிசையில் ஒருவர் நிற்கும் இடம் அவருடைய மதிப்பாயிற்று.

தமிழில் ‘வரிசை’யும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. “பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்” என்கிறது குறள். அங்கே வரிசை என்பது அவரவர் தகுதிக்குரிய மதிப்பு. ஆகவே ரேங்குக்கு ‘வரிசை’ என்று யாராவது எழுதினால் நான் மகிழ்வேன். ஆனால் இன்றைய வாசகருக்கு வரிசை என்றதும் ஒருவர் பின் ஒருவர் நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது. ‘பதவி’ வடசொல்; தெரிந்தேதான் அதை ஏற்கிறேன். படிப்பவருக்கு ஒரு நொடியும் ஐயம் வராத சொல் அது.

இனி மூலத்துக்கு வருவோம். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம், 1971இல் வந்த ‘செயின்மெயில்’ என்ற பொம்மைப் படைப் போர் விதிகளிலிருந்து வளர்ந்தது. அந்தப் போர் விதிகளில் ‘ஹீரோ’ என்பவன் போரில் நான்கு பேருக்குச் சமம். ‘சூப்பர்ஹீரோ’ எட்டுப் பேருக்குச் சமம். 1974 ஆட்டத்தில் இதே பெயர்கள் போர்வீரனின் நான்காம், எட்டாம் லெவல்களுக்கு வந்து உட்கார்ந்தன. நான்கு பேருக்குச் சமம் என்பது வேறு, நான்கு பேருக்குத் தலைவன் என்பது வேறு. லெவல் சொல்வது முன்னதை. ரேங்க் சொல்வது பின்னதை. தரவரிசை என்ற சொல் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

லெவல் ஒன்று சிப்பாய், ஐந்து கேப்டன், பத்து ஜெனரல் என்று அட்டவணை போடுபவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். கதைக்கு உதவும் என்றால் போடட்டும். ஆனால் முதல் அட்டவணையே அவர்களுக்கு எதிராக நிற்கிறது: 1974 விதிகளில் முதல் லெவல் போர்வீரனுக்குத் தந்த பட்டம் ‘வெட்டரன்’, அதாவது போர் கண்ட வீரன். அவன் புதிதாகப் படையில் சேர்ந்த பையன் அல்லன். உண்மையான படையிலும் இருபது ஆண்டு போர் கண்ட சார்ஜென்ட், நேற்று வந்த இளம் லெப்டினன்டுக்கு வணக்கம் வைக்கிறார். ஆட்டக் கணக்கில் சார்ஜென்டின் லெவல் உயர்ந்தது, பதவி தாழ்ந்தது. பதவியை இன்னொருவர் கொடுக்கிறார், இன்னொருவர் பறிக்கிறார். லெவலை யாரும் நியமிப்பதில்லை. அனுபவப் புள்ளி சேரச் சேர அது ஏறுகிறது.

“நிலைமக்கள் சால உடைத்தெனினும் தானை தலைமக்கள் இல்வழி இல்” என்ற குறளைப் பாருங்கள். களத்தில் நிலைத்து நிற்கும் வீரர் வேறு, அவர்களை நடத்தும் தலைவர் வேறு என்று இரண்டு சொல்லால் பிரித்துக் காட்டிய மொழி இது. கேப்டன் என்ற சொல்லும் இலத்தீனில் ‘தலை’யிலிருந்து வந்ததுதான்.

அப்படியானால் லெவலுக்கு ‘நிலை’ போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தரவரிசையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மயக்க நிலை, நஞ்சேறிய நிலை, விழுந்து கிடக்கும் நிலை என்று ஆட்டம் முழுக்க அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. ‘படி’ என்றால் வினையும் கூடவே வந்துவிடுகிறது: வீரன் ஒரு படி ஏறினான். இரத்தக்காட்டேரி தீண்டி லெவலை இழந்தால் இரண்டு படி இறங்கினான். ‘தரவரிசை மேம்பாடு அடைந்தான்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. பாத்திரம், மந்திரம், பூதம் போன்ற அரக்க உயிர், நிலவறை நான்குக்கும் அவர்கள் லெவல் என்றே சொல்கிறார்கள். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் இதை ஒப்புக்கொண்டார். பாத்திரத்துக்கு ரேங்க், மந்திரத்துக்குப் பவர், அரக்க உயிருக்கு ஆர்டர் என்று பிரிக்க முதலில் எண்ணியதாகவும், பழகிவிட்டதால் பழைய சொல்லையே விட்டுவைத்ததாகவும் எழுதினார். ரேங்க் என்று அவரே எண்ணினாரே என்று தரவரிசைக்காரர்கள் இதைக் காட்டுவார்கள். அவர் தேடியது குழப்பம் தீர ஒரு தனிச்சொல், படைப்பதவியை அல்ல.

அவர்களுக்குப் பழக்கம் தடையாயிற்று. நமக்கு என்ன தடை? தமிழில் இந்த ஆட்டத்துக்கு இன்னும் எந்தச் சொல்லும் உறையவில்லை. இருந்தும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லை எடுத்து நான்கு இடத்திலும் ஒட்டுகிறார்கள். ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காமல் விதிகளை மொழிபெயர்க்கத் துணிவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். “ஒன்பதாம் தர வீரன் எட்டாம் தர நிலவறையில் ஏழாம் தரப் பூதத்தை நான்காம் தர மந்திரத்தால் தாக்கினான்” என்ற வாக்கியம் யாருக்கு விளங்கும்? தீப்பந்து போன்ற மூன்றாம் லெவல் மந்திரம் ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்குத்தான் கைகூடும். எல்லாமே ‘தரம்’ என்றால் மூன்றாம் தர மந்திரவாதி தீப்பந்து வீசக் கேட்பான், கேட்கத்தான் செய்கிறார்கள்.

என் தாள்களில் இப்போது இப்படி எழுதுகிறேன்: பாத்திரத்துக்குப் படி, நிலவறைக்குத் தளம், மந்திரத்துக்கு அடுக்கு, பூதத்துக்கு வலு. அந்தப் புதியவரின் தாளையும் திருத்திக் கொடுத்தேன். படி 5. அதற்குக் கீழே ‘பதவி’ என்று தனியாக ஒரு கட்டம். அரசன் அவருக்கு ஏதாவது கொடுக்கும்வரை அது காலியாக இருக்கும்.