நாட்பட்ட களைப்பு நோய்க்கு நால்ட்ரெக்ஸோன்: அரை மில்லிகிராமில் தொடங்குவது ஏன்?

எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய்க்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து எதுவும் கிடையாது. அதனால் வேறு நோய்க்கு வந்த மருந்தை எழுதிப் பார்க்கிறார்கள். இதற்கு 'ஆஃப் லேபிள்' என்று பெயர். மருத்துவர் தம் பொறுப்பில் இப்படி எழுதலாம். இந்த நோய்க்கு அது கேட்கும் என்று யாரும் நிரூபித்துத் தரவில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் நோயாளி சம்மதிக்க வேண்டும்.

இப்படிக் கேட்டு வருபவர்கள் அதிகம் சொல்லும் பெயர் எல்.டி.என்., அதாவது குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன். ஓபியாய்டு (அபின் வகை மருந்து) அடிமைத்தனத்துக்காக 1984இல் அங்கீகாரம் பெற்ற மருந்து இது. மாத்திரை 50 மி.கி. களைப்பு நோய்க்குத் தருவதோ 0.5 முதல் 4.5 மி.கி. வரைதான். இந்தச் சின்ன அளவு ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் செல் ஏற்பிகளைச் சில மணி நேரம் மட்டும் அடைத்து விடுவிக்கிறது, மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவின் அழற்சியைத் தணிக்கிறது என்பது கருத்து.

சான்று எவ்வளவு? பின்லாந்தில் 218 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வில் பெரும்பாலோருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற குழு இல்லை. அது ஏன் முக்கியம் என்பதை, இதே நோய்க்குச் சோதித்த ரிடுக்ஸிமாப் என்ற வேறொரு மருந்து கற்றுத் தந்தது. நார்வேயில் 2011இல் 30 பேரிடம் நடந்த சோதனை பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. 151 பேரிடம் மறுபடி சோதித்து 2019இல் முடிவு வந்தபோது, மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் வித்தியாசமே இல்லை. நோய் தானாகவே ஏறி இறங்கும். மோசமான காலத்தில் எதைத் தொடங்கினாலும் அடுத்து வரும் நல்ல வாரங்களின் பெருமை அதற்கே போய்விடும்.

களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய, தொடங்குமுன் தைராய்டு, ஃபெரிட்டின் (இரும்புச் சத்தின் சேமிப்பு), பி12, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்தடை இவற்றைப் பார்த்திருக்க வேண்டும். கல்லீரல் பரிசோதனையும் தேவை. கடும் கல்லீரல் அழற்சி இருந்தால் இந்த மருந்து கூடாது.

உண்மையான ஆபத்து வலி மாத்திரையில் இருக்கிறது. பாராசிட்டமாலோடு டிரமடால் என்ற ஓபியாய்டு கலந்த மாத்திரையை 'சாதாரண வலி மாத்திரை' என்றே பலர் விழுங்குகிறார்கள். கோடீன் உள்ள இருமல் மருந்தும் அப்படித்தான். வழக்கமாக ஓபியாய்டு எடுத்துவரும் உடலில் நால்ட்ரெக்ஸோன் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை என்று ஓபியாய்டு நின்றதும் வரும் விலகல் அறிகுறிகள் திடீரெனக் கிளம்பும். பொதுவாக 7 முதல் 10 நாள் ஓபியாய்டு இல்லாமல் இருந்தபிறகே தொடங்க வேண்டும். சில மருந்துகளுக்கு இன்னும் அதிகம். ஓபியாய்டையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சை வந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

50 மி.கி. மாத்திரையிலிருந்து அரை மில்லிகிராம் என்பது நூற்றில் ஒரு பங்கு. பிளேடால் வெட்டி அது வராது. மருந்தாளுநர் சிறிய கேப்சூலாகத் தயாரித்துத் தருவதே நல்லது. அது முடியாத இடத்தில், மருத்துவர் ஒப்புதலோடு ஒரு மாத்திரையை 50 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும், ஊசியில்லாத சிரிஞ்சில் 0.5 மி.லி. கோடுவரை இழுத்தால் அரை மி.கி. அடியில் வெள்ளையாகத் தங்குவது மாத்திரையின் நிரப்புப் பொருள். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் குலுக்கி எடுங்கள். குளிர்பெட்டியில் வையுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்பதை மருந்தாளுநரிடம் கேட்டுப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். இதில் எளிதில் நேரக்கூடிய பிழை 0.5ஐ 5 என்று படிப்பது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மி.கி. ஏற்றினால் 4.5ஐத் தொட 16 வாரம் ஆகும். பலருக்கு அவ்வளவு தேவைப்படாது. இந்த நோயாளிகளுக்கு மருந்துகள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்கிறது சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி. தலைவலி, குமட்டல், தெளிவான விசித்திரக் கனவுகள் முதல் வாரங்களில் வரலாம். தூக்கம் கெட்டால் இரவு வேளையைக் காலைக்கு மாற்றலாம். தாங்கவில்லை என்றால் முந்தைய அளவுக்கே இறங்கிவிடலாம்.

மருந்துக்கு நான்கு வாரம் முன்பே குறிப்பேட்டைத் தொடங்கிவிடுங்கள். நடந்த அடிகள், காலை நாடித்துடிப்பு, படுக்கையில் கழிந்த மணி, உழைப்புக்குப் பின் நோய் மோசமாகும் சரிவு வந்த நாள் என நான்கே வரி போதும். அந்தக் காலத்தில் புதிதாக வைட்டமினோ வேறு மாத்திரையோ சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்களுக்குப் பெரிய கவலை பலன் தெரியும் வாரத்தைப் பற்றித்தான். உடம்பு லேசானதும் மாதக்கணக்கில் தேங்கிய வேலையை ஒரே நாளில் முடித்துவிடத் தோன்றும். உழைப்புக்குப் பின்னான சரிவு உடனே வராது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வரும். அதை மருந்தின் பக்கவிளைவு என்று எண்ணி நல்ல மருந்தையே நிறுத்தியவர்கள் உண்டு. முன்னேற்றம் தெரிந்தாலும் மூன்று, நான்கு வாரம் அடிகளின் எண்ணிக்கையைப் பழைய அளவிலேயே வைத்திருங்கள். தாங்கக்கூடிய உச்ச அளவில் மூன்று மாதம் இருந்தும் குறிப்பேட்டில் சரிவு நாட்கள் குறையவில்லை என்றால், மருத்துவரிடம் பேசி மருந்தை நிறுத்திவிடலாம்.