மூடி வைத்த இடத்தில் ஏன் துரு?

கடற்கரை ஊரான உவரியிலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். உடைமுள் வெட்டுகிற அரிவாளை ஈரச் சாக்கில் பாதி சுற்றி, பின்கட்டில் பத்து நாள் போட்டுவிட்டாராம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் லேசான பழுப்பு; சாக்குக்குள் இருந்த பாகமோ குழிகுழியாக அரித்துவிட்டது. "காத்து பட்டாத்தான துருப் பிடிக்கும்? இது மூடுன எடத்துல அரிச்சிருக்கே. சனி பிடிச்ச இரும்புன்னு சொல்லுதாவ."

சனிக்கு உகந்தது இரும்பு என்பது ஜோசியர் கணக்கு. இங்கே வேலை பார்த்தது உப்பும் ஈரமும்.

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. பள்ளியில் படித்ததுதான். ஆனால் எந்த இடம் கரையும் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. இரும்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விடுங்கள். சொட்டின் நடுவில் கரைந்திருந்த ஆக்சிஜன் சீக்கிரமே செலவாகிவிடும். ஓரத்தில் தண்ணீர் மெல்லிசு; காற்றிலிருந்து ஆக்சிஜன் உடனுக்குடன் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு போதும், சொட்டே ஒரு பேட்டரி ஆகிவிடும். நடுவில் உள்ள இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகிறது. சொட்டில் ஹைட்ராக்சைடைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கலந்திருந்தால் ஓரம் மட்டும் ரோஸ் நிறமாகும்; எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி! நடுவிலிருந்து இரும்பு அயனி வெளியே வர, ஓரத்திலிருந்து ஹைட்ராக்சைடு உள்ளே போக, இரண்டும் வழியில் சந்திக்கிற இடத்தில் பழுப்பு வளையம் விழும். ஆக்சிஜனைத் தின்பது ஓரம், கரைவது நடு!

அண்ணாச்சியின் சாக்கு ஒரு பெரிய சொட்டு. அதன் ஓரத்தில் காற்றோட்டம் உண்டு, உள்ளே கிடையாது; ஈரமும் காயாது. கடல்காற்று கொண்டுவந்த உப்பு, நீரில் மின்சாரம் ஓட வழியை லேசாக்கிவிட்டது. அதிலுள்ள குளோரைடு அரிப்பை இன்னும் முடுக்கிவிடும்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது எல்லாரும் கொண்டாடினோம். சரி. மண்ணிலிருந்து எடுத்த இரும்பின் துருவுக்குள்ளும் இதே குளோரைடு ஒளிந்திருக்கக்கூடும். காற்றின் ஈரம் பட்டால் அரிப்பு மறுபடி தொடங்கிவிடும். தோண்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்த வேதியியலுக்கும் போகவேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம், அண்ணாச்சி: அரிவாளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி ஆணியில் மாட்டுங்கள். சாக்கு வேண்டாம்.